பந்து வரவில்லை

மேல் உருளைக்குள் குப்புறப் படுத்திருக்கிறேன்.
ஆள் நுழையும் ஓட்டை என் தோளை அளந்து வெட்டியது போல.
ஒரு கவளம் கூடத் தின்றுவிட்டு வந்தால் உள்ளே விடாது.
கன்னத்துக்குக் கீழே குழாய் வாய்கள்,
வரிசைக்கு முப்பத்திரண்டு.
காற்றில் சுழலும் வெட்டியை ஒவ்வொன்றிலும் இறக்கி
ஆறு மாதக் கரும்புக்காலம் படியவைத்த
சுண்ணாம்புத் தோலை உரிக்கிறோம்.
அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை,
கடைவாய்ப் பல்லில் கேட்கிறது.

பிறகு பந்து.
சின்ன எலுமிச்சை அளவு எஃகு.
நான் போட வேண்டும், கீழ் உருளைக்குள் மண்டியிட்டிருக்கும்
வலைதோன் பிடிக்க வேண்டும்.
வேலாயுதன் என்ற பேரை
எந்தக் காலத்துப் பதிவேடோ அப்படி எழுதிவிட்டது.
பந்து வந்தால் குழாய் சுத்தம்.
இரண்டு தட்டு தட்டுவான்,
நான் வாயருகே சாக்கட்டியால் ஒரு கோடு போடுவேன்.
நாற்பது பந்து தீர்ந்தால்
வாளி கயிற்றில் மேலே வரும்.

வெளியே ரேடியோ
புயல் ரொட்ரீக்ஸைத் தாண்டிவிட்டது, இரண்டாம் எச்சரிக்கை என்கிறது.
ரிவியேர் தெ அங்கியில் பலகை அடிக்கிற சுத்தியல் சத்தம்
இந்த இரும்பு வயிற்றுக்குள்ளும் வருகிறது.

கடைசி வரிசை, ஏழாவது.
போட்டேன்.
உருண்டது, வளைவில் திரும்பியது,
பிறகு ஒன்றுமில்லை.

"பூல் லா பா வினி" என்றான் கீழிருந்து.
பந்து வரவில்லை.
அவன் கிரியோலில் சொன்னது
என் வயிற்றில் தமிழில் விழுந்தது.

எனக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கிறது.
போன வருடம் இதே ஏழாவதில்
கம்பி மட்டும் மேலே வந்தது, பிரஷ்ஷின் தலை வரவில்லை.
வெள்ளிக்கிழமை. நாலு மணி பஸ்.
வலைதோன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.
தட்டு இல்லாமலே கோடு போட்டேன்.
பதிவேட்டில் அவன்தான் கையெழுத்திட்டான்.

சொல்ல வாயெடுப்பதற்குள் சங்கு ஊதியது.
மூன்றாம் எச்சரிக்கை. எல்லோரும் வீட்டுக்கு.

இரண்டு ராத்திரி.
மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் வாயில்
காற்று வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தது.
"என்னத்தை எண்ணிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் தேவானெ.
மெழுகுவர்த்தியை என்றேன்.
ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது.

குழாய் நெருப்புக்குக் கடைசி வரிசை. அதனால் வெடிக்கவில்லை.
முதல் வரிசையாக இருந்திருந்தால்?
அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான்
ராத்திரி ஷிப்டில் மரிமூத்து டீ குடிப்பான்.
சூடு இதமாக இருக்கிறது என்பான்.

மூன்றாம் நாள் தோட்டமெல்லாம் கரும்பு
ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.
நான் உள்ளே போய்ப் படுத்தேன்.
ஏழாவது அடைத்திருக்கிறதே,
எட்டாவது குழாயில் வாய் வைத்துச் சொன்னேன்:
அந்தக் கோடு நான் போட்டது. நீ தட்டவில்லை.

வெகுநேரம் எதுவும் வரவில்லை.
அப்புறம் ஒரு தட்டு.
ஒரே ஒரு தட்டு.
எங்கள் கணக்கில் அதற்கு அர்த்தம் கிடையாது.

முசியே பிலிப் கண்ணாடிக் கேமராவை விட்டுப் பார்த்தார்.
குழாய் பானையின் அடிபோல உப்பியிருந்தது.
கத்தவில்லை. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து
என் பக்கம் தள்ளினார், பேனாவோடு.
மேலே ஓர் ஆப்பு, கீழே ஓர் ஆப்பு.
மேல் ஆப்பை நான் அடித்தேன்,
கீழே அவன்.
எங்கள் சுத்தியல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

ஜூனில் நெருப்பு வைத்தார்கள்.
சுற்றிலும் தண்ணீர் ஏறி ஆவியாக,
நடுவில் அது மட்டும் வெறும் வயிற்றோடு நிற்கிறது,
உள்ளே என் பிரஷ் தலையும் ஒரு பந்தும்.

இப்போதெல்லாம் வலைதோன்
இரண்டு தட்டோடு நிறுத்துவதில்லை.
வாயாலும் சொல்கிறான்,
ஒவ்வொரு குழாய்க்கும்:
வந்தது.